வெறுங்கால் வீரர் அபெபே பிகிலா

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல் மாணவன்

விளையாட்டுப் பிள்ளை என்று நம் வீடுகளில் ஒருவனைச் சொன்னால் அது பாராட்டு அன்று. பொறுப்பில்லாதவன் என்பதே அதன் பொருள். விளையாட்டாகச் செய்துவிட்டேன் என்றால், எண்ணிப் பாராமல் செய்துவிட்டேன் என்று பொருள். விளையாட்டு வேறு, வாழ்க்கை வேறு என்று பிரித்து வைத்தே நாம் பழகிவிட்டோம். ஆனால் திடலில் ஒரு நாளாவது முறையாக ஓடிப் பார்த்தவர்கள் ஒன்றை அறிவார்கள். அங்கே கால் களைப்பதற்கு முன் மனம் களைக்கிறது. மனம் களைத்தபின் கால் ஓடுவதில்லை. ஆகவே ஓட்டப் பயிற்சியில் பாதி, மனப் பயிற்சியே.

பதற்றத்தை அடக்குதல், பார்வையைத் தன் பாதையில் நிறுத்துதல், நீண்ட வழியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுதல், வீழ்ந்தபின் எழுதல் ஆகிய இவற்றையெல்லாம் ஓடுபவன் நாள்தோறும் பழகுகிறான். பழகியதைத் திடலிலேயே விட்டுவிட்டு வர வேண்டுமா? வீட்டுக்கும் வகுப்புக்கும் எடுத்து வரக் கூடாதா? இக்கேள்விக்கு விடையாக ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறேன். அதற்கு முன் அவர் வாழ்க்கையை நான் தேடிப் போன காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் பருவத் தேர்வில் துணைப்பாடமான கணிதத்தில் நான் தோற்றேன். படிக்காமல் தோற்றேன் என்றால் வருந்த ஒன்றுமில்லை; படித்துத்தான் போனேன். முதல் ஒரு மணி நேரம் ஒழுங்காகவே எழுதினேன். அப்போது முன் வரிசையில் ஒரு நண்பர் எழுந்து நின்று கூடுதல் தாள் கேட்டார். சற்று நேரத்தில் பக்கத்து வரிசையில் இன்னொருவர் கேட்டார். என் விடைத்தாளில் பாதிப் பக்கங்கள் அப்படியே வெள்ளையாக இருந்தன. அவ்வளவுதான், கை நடுங்கத் தொடங்கியது. தெரிந்த கணக்கும் மறந்து போயிற்று. அடுத்த ஒரு மணி நேரம் நான் எழுதியதைவிட மற்றவர்களைப் பார்த்ததே மிகுதி.

என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அரியர் என்றால் என்னவென்று பெற்றோருக்கு விளக்கிச் சொல்லவே எனக்கு இரண்டு நாள் பிடித்தது. சொல்லி முடித்தபின் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனம் எனக்குப் பெரும் சுமையாயிற்று. இந்தப் படிப்பு நமக்கு ஒத்து வராதோ, வேலைக்குப் போய்விடலாமோ என்ற எண்ணம் இரவும் பகலும் வாட்டியது. ஒருநாள் மாலை, ஓட்டப் பயிற்சி முடிந்து திடலில் அமர்ந்திருந்தபோது எங்கள் உடற்கல்வி இயக்குநர் என் முகத்தைப் பார்த்துக் காரணம் கேட்டார். சொன்னேன். அவர் அறிவுரை கூறவில்லை. என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, அபெபே பிகிலாவைத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். தேடிப் படிக்கச் சொன்னார். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிறப்பும் இளமையும்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிழக்கே உள்ள மலைநாடு எத்தியோப்பியா. அந்நாட்டில் ஜாட்டோ என்னும் சிற்றூரில் 1932-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் அபெபே பிறந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகர ஒலிம்பிக்கில் மராத்தான் ஓட்டம் நடந்ததும் அதே நாளில்தான். குடும்பம் உழவுக் குடும்பம். அபெபே என்பது அவருடைய பெயர். பிகிலா என்பது தந்தையின் பெயர். நாம் தந்தை பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம். எத்தியோப்பியர் தந்தையின் பெயரை முழுமையாகப் பின்னால் சேர்த்துக்கொள்கின்றனர். குடும்பப் பெயர் என்ற வழக்கம் அவர்களுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. எங்கோ உள்ள அந்த மலைநாடு இந்தச் சிறு செய்தியால் எனக்கு அண்டை வீடு போல ஆகிவிட்டது.

அபெபேவுக்கு மூன்று வயது நடந்தபோது, 1935-இல், முசோலினியின் இத்தாலியப் படை எத்தியோப்பியாவின்மீது பாய்ந்தது. ஊர்கள் சிதறின. அபெபேயின் குடும்பமும் இடம் பெயர நேர்ந்தது. 1941-இல்தான் அந்நிய ஆட்சி அகன்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒன்றான 1937-இல், அக்சும் என்னும் பழம்பெரும் நகரில் விழுந்து உடைந்து கிடந்த, 24 மீட்டர் உயரமுள்ள கல்தூண் ஒன்றை இத்தாலியர் எடுத்து, ரோம் நகருக்குக் கொண்டு சென்று வெற்றிச் சின்னமாக நட்டு வைத்தனர். இத்தூணைப் படிப்போர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நம் கதையில் இது மீண்டும் வரும்.

சிறுவன் அபெபே ஆடு மாடு மேய்த்தார். ஹாக்கி போன்ற ஒரு நாட்டு விளையாட்டை ஆடினார். அதில் இரு பக்கத்து இலக்குகளும் சில கிலோமீட்டர் தள்ளி இருப்பதும் உண்டாம். 20 வயதை ஒட்டித் தலைநகர் அடிஸ் அபாபாவுக்கு வந்து, பேரரசர் ஹைலி செலாசியின் மெய்க்காவல் படையில் வீரராகச் சேர்ந்தார். அடிஸ் அபாபா கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் உள்ளது; நம் உதகமண்டலத்தைவிடச் சிறிது உயரம். காற்றில் உயிர்வளி குறைந்த அந்த மலைச் சரிவுகளில் நாள்தோறும் 20 கிலோமீட்டர் அளவில் ஓடிப் பழகினார். படையினருக்குப் பயிற்சி அளிக்க வந்திருந்த சுவீடன் நாட்டுப் பயிற்சியாளர் ஒன்னி நிஸ்கானென் கண்ணில் அவர் பட்டார். அது முதல் இருவருக்கும் இடையே ஏற்பட்ட நட்பு இறுதிவரை நீடித்தது.

ரோம் நகரில் ஒரு மாலை

1960-ஆம் ஆண்டு ரோம் நகரில் ஒலிம்பிக் நடைபெற்றது. எத்தியோப்பியக் குழுவில் அபெபேயின் பெயர் முதலில் இல்லை. செல்ல வேண்டியிருந்த வாமி பிராட்டு என்பவர் உடல் நலம் குன்றியதால் கடைசி நேரத்தில் அவருக்கு வாய்ப்புக் கிட்டியது. ரோம் சேர்ந்தபின் புதுக் காலணி தேடினார்கள். எதுவும் காலுக்குப் பொருந்தவில்லை, கொப்புளம் கண்டது. ஓட்டம் நெருங்கிவிட்டது. இந்நிலையில் நம்மில் பலர் என்ன செய்வோம்? காலணி இல்லையே என்று கலங்கியிருப்போம், அல்லது கடித்தாலும் பரவாயில்லை என்று புதியதை மாட்டிக்கொண்டு ஓடியிருப்போம். அபெபே இரண்டும் செய்யவில்லை. தம் நாட்டில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர் அவர். பழகாத காலணியைவிடப் பழகிய கால் மேல் என்று முடிவு செய்தார். இல்லாததை நினைத்து ஏங்காமல், இருப்பதைக் கொண்டு ஓடுவது என்பது அவருடைய வாழ்க்கை முழுவதும் நான் காணும் பண்பு. அது முதன்முதலில் உலகத்தார் கண்ணுக்குப் புலப்பட்டது ரோமில்தான்.

வெறுங்கால் என்பதைப் பெருமையாகப் பேசுவதில் ஒரு பிழையும் நேர்ந்துவிடுகிறது. வறுமையே வலிமை தரும் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். காலணி இல்லாமல் ஓடுபவனுக்குத் தெரியும், முள் முள்தான். அபெபேயும் பின்னர்ப் பொருத்தமான காலணி கிடைத்தபோது அணிந்தே ஓடினார். இன்னும் விரைவாக ஓடினார். ஆகவே நாம் வியக்க வேண்டியது அவருடைய காலை அன்று. அந்த நேரத்தில் கலங்காமல் முடிவெடுத்த மனத்தை.

செப்டம்பர் 10-ஆம் நாள் மாலை, வெயில் தணிந்தபின் ஓட்டம் தொடங்கியது. தொலைவு 42 கிலோமீட்டர் 195 மீட்டர். புறப்பட்டது கேபிட்டோலின் குன்றருகே. முடிவது கான்ஸ்டன்டைன் வளைவின் கீழே. இரவு சூழ்ந்தபோது, பழைய அப்பியன் சாலையின் ஓரத்தில் இத்தாலிய வீரர்கள் தீப்பந்தம் ஏந்தி நின்றனர். தம் நாட்டை ஒரு காலத்தில் அடக்கி ஆண்ட படையின் வழியில் வந்தவர்கள் வெளிச்சம் காட்ட, அந்த ஒளியில் எத்தியோப்பிய வீரர் ஓடினார்.

ஓட்டத்திற்கு முன் நிஸ்கானென் அபெபேவுக்கு முக்கியமான எதிராளிகளைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தார். அவர்களுள் ஒருவர் மொராக்கோ நாட்டு ராதி பென் அப்தெசலாம். அவர் மார்பில் 26 என்னும் எண் இருக்கும் என்றும் கூறியிருந்தார். ஆனால் ராதி அன்று அணிந்து வந்தது, முன்பு வேறோர் ஓட்டத்தில் அணிந்த 185 என்னும் எண்ணை. அபெபேவுக்கு இது தெரியாது. 26-ஆம் எண்ணைத் தேடிக்கொண்டே ஒவ்வொருவராகக் கடந்து சென்றார். பாதி வழிக்குள் அவரும் 185-ஆம் எண் அணிந்த ஒருவரும் மட்டுமே முன்னால் இருந்தனர். தாம் தேடும் மனிதர் தோளோடு தோளாகத் தம் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறார் என்பதை அபெபே அறியவில்லை. தேடிய எண் கிடைக்கவில்லை என்பதற்காக அவர் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தம் திட்டப்படி ஓடினார்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். தேர்வுக் கூடத்தில் கூடுதல் தாள் கேட்ட நண்பர் நினைவுக்கு வந்தார். நான் அஞ்சியது அந்த நண்பருக்கா, அவர் கையிலிருந்த தாளுக்கா? அவர் எழுந்து நின்றதற்கும் என் கணக்குக்கும் என்ன தொடர்பு? அவர் எனக்கு 26-ஆம் எண். அந்த எண்ணை நான் பார்த்துவிட்டேன், அபெபே பார்க்கவில்லை. அவ்வளவே வேறுபாடு. எதிராளி இல்லாத ஓட்டம் உலகில் இல்லை. ஆனால் எதிராளியின் மார்பிலுள்ள எண்ணைப் படிப்பது நம் வேலையன்று.

ஓட்டம் முடிய ஒரு கிலோமீட்டரை ஒட்டிய தொலைவு இருக்கும் இடத்தில், சாலை சற்றே மேடாகிறது. அங்கேதான் அக்சுமிலிருந்து கொண்டு வரப்பட்ட கல்தூண் நின்றது. ஓட்டத்திற்குச் சில நாள் முன்பே அபெபேயும் நிஸ்கானெனும் வழியைப் பார்த்து, இறுதி முயற்சிக்கு உரிய இடமாக அதைக் குறித்து வைத்திருந்தனர் என்று எழுதியிருக்கிறார்கள். நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் நினைத்தால் எவருக்கும் மலைப்புத்தான் மிஞ்சும். இந்த இடம் வரை இப்படி, அந்த இடத்திலிருந்து அப்படி என்று வகுத்துக்கொண்டால் மனத்திற்குப் பிடி கிடைக்கிறது. குறித்த இடம் கடந்தபின், இறுதிப் பகுதியில் அபெபே வேகத்தைக் கூட்டி ராதியைப் பின்னே விட்டார். 2 மணி 15 நிமிடம் 16.2 நொடியில் வளைவை அடைந்தார். ராதி வந்தது 25 நொடி கழித்து. உலகில் அதுவரை எவரும் அவ்வளவு விரைவாக மராத்தான் ஓடியதில்லை. சகாராப் பாலைக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளின் கறுப்பின மக்களுள் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் மனிதர் அவரே. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரும் படை எத்தியோப்பியாவுக்குள் புகுந்தது. இப்போது ஒரே ஒரு வீரர் காலணியும் இன்றி ரோமுக்குள் வந்து வென்றார்.

அந்தக் கல்தூண் 2005-ஆம் ஆண்டு எத்தியோப்பியாவுக்குத் திருப்பித் தரப்பட்டு, 2008-இல் அக்சுமில் மீண்டும் நிறுத்தப்பட்டது. அதைக் காண அபெபே இல்லை.

டோக்கியோவில் இரு வீரர்கள்

ரோம் வெற்றிக்குப் பின் அவருடைய வாழ்க்கை பூப்பாதையாகிவிடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் மெய்க்காவல் படையின் தலைவர்கள் சிலர் பேரரசருக்கு எதிராகக் கிளர்ந்தபோது, அபெபேயும் சிறிது காலம் தடுத்து வைக்கப்பட்டுப் பின் விடுவிக்கப்பட்டார். 1961-இல் ஏதென்சிலும் ஒசாகாவிலும் கோசிட்சேயிலும் வென்றார். 1963-இல் பாஸ்டனில் ஐந்தாவதாக வந்தார். தங்கம் வென்றவர் ஐந்தாம் இடத்திற்கு இறங்கினால் ஊர் என்ன பேசும் என்று நமக்குத் தெரியும். அவர் மலைக்குத் திரும்பிப் பயிற்சியைத் தொடர்ந்தார்.

1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்குக்கு ஐந்தாறு வாரமே இருந்தபோது குடல்வால் அழற்சியால் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஓடுவாரா என்பதே ஐயமாயிற்று. ஆனால் அக்டோபர் 21-ஆம் நாள், இம்முறை காலணி அணிந்து, புறப்படும் கோட்டில் நின்றார். முற்பகுதியில் மற்றவர்கள் முந்தியபோது பொறுத்திருந்தார். பின்னர் முன்னேறி, இறுதிப் பகுதி முழுவதும் தனியே ஓடி, 2 மணி 12 நிமிடம் 11.2 நொடியில் முடித்தார். மீண்டும் உலகச் சாதனை. ஒலிம்பிக் மராத்தானை இருமுறை வென்ற முதல் மனிதர் என்ற புகழும் கிடைத்தது. கோட்டைக் கடந்தபின் அவர் விழவில்லை. திடலின் நடுவே சென்று, அடுத்தவர் வரும்வரை உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். இரண்டாமவர் வர நான்கு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

அந்த இரண்டாம் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரங்கினுள் இரண்டாவதாக நுழைந்தவர் ஜப்பான் வீரர் சுபுராயா கோகிச்சி. தம் நாட்டு மக்கள் ஆயிரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க, கடைசிச் சுற்றில் இங்கிலாந்தின் பேசில் ஹீட்லி அவரை முந்தினார். சுபுராயாவுக்கு வெண்கலம். உலகில் மூன்றாம் இடம் என்பது எவ்வளவு பெரிய பேறு! ஆனால் அவரோ அதைத் தம் நாட்டுக்குச் செய்த பிழையாகவே எண்ணினார். அடுத்த ஒலிம்பிக்கில் ஈடு செய்வேன் என்ற சுமையை ஏற்றுக்கொண்டார். உடலில் நோவு வந்தது, பயிற்சி தடைப்பட்டது. 1968-ஆம் ஆண்டு சனவரியில், 27-ஆம் வயதில், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

இதை ஏன் எழுதுகிறேன்? தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் நாளிதழைப் பிரிக்கவே நம் நெஞ்சம் நடுங்குகிறது அல்லவா? மன உறுதி என்றால் எல்லாச் சுமையையும் வாய் திறவாமல் சுமப்பது என்று நாம் தவறாக எண்ணியிருக்கிறோம். சுபுராயாவிடம் உறுதிக்கா குறை? பயிற்சிக்கா குறை? சுமையை இறக்கி வைக்க ஓரிடம்தான் அவருக்குக் கிடைக்காமற் போயிற்று. அன்று மாலை திடலில் ஒருவர் என்னிடம் காரணம் கேட்டார். கேட்க ஆள் இருந்ததால் சொன்னேன். நண்பர்களே, சொல்லுங்கள், ஆசிரியரிடமோ தோழரிடமோ சொல்லிவிடுங்கள். உங்கள் பக்கத்தில் ஒருவர் வாடியிருந்தால் நீங்களே போய்க் கேளுங்கள்.

மெக்சிகோவில் விலகல்

1968-ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்குக்கு அபெபே மூன்றாம் முறையாகச் சென்றார். அவருக்கு 1 என்னும் எண்ணே வழங்கப்பட்டது. உலகமே மூன்றாவது தங்கத்தை எதிர்பார்த்தது. ஆனால் காலில் எலும்புக் காயத்தோடுதான் அவர் ஓடத் தொடங்கினார். ஏறத்தாழ 17 கிலோமீட்டர் ஓடியபின், இனி இயலாது என்று உணர்ந்து விலகினார். தங்கத்தை வென்றவர் அவருடைய நாட்டினரும் உடன் ஓடியவருமான மாமோ வோல்டே. எத்தியோப்பியாவுக்கு அது தொடர்ந்து மூன்றாம் மராத்தான் தங்கம்.

விலகுவதும் ஒரு மனத்திறனா என்று கேட்கலாம். ஆம் என்பேன். எந்த வலி பொறுக்க வேண்டிய வலி, எந்த வலி நிறுத்தச் சொல்லும் வலி என்று பிரித்தறிய, ஓடிப் பழகிய மனம் வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் தரம்பார்த்தல் செய்யும்போது, நிறம் மாறும் புள்ளியைத் தவறவிட்டுவிட்டால், மேலும் மேலும் சொட்டுவதில் பயனில்லை. குடுவையைக் கழுவிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். அதற்கு வெட்கப்பட்டு, பக்கத்து மேசைக்காரரின் அளவை எழுதி வைப்பவர்களும் உண்டு. அவர்களைவிடக் குடுவையைக் கழுவுகிறவர் மேலானவர்.

சக்கர நாற்காலியில்

1969-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் இரவு. பேரரசர் பரிசளித்திருந்த சிறு காரை அபெபே தாமே ஓட்டிச் சென்றார். வழியில் கார் கட்டுப்பாடிழந்து கவிழ்ந்தது. அதனுள் சிக்கிய அவர் மறுநாள் காலையில்தான் மீட்கப்பட்டார். முதுகெலும்பும் கழுத்தும் சிதைந்திருந்தன. கால்கள் மட்டுமல்ல, கைகளும் அசையவில்லை. தலையைத் திருப்பவும் முடியவில்லை. உலகின் சிறந்த ஓட்டக்காரர், 36 வயதில், படுக்கையில் மரக்கட்டையாய்க் கிடந்தார்.

அவரை இங்கிலாந்திலுள்ள ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்கென 1944-ஆம் ஆண்டில் லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர் அங்கே ஒரு பிரிவைத் தொடங்கியிருந்தார். அதுவரை அத்தகையோரைப் படுக்கையில் விட்டுவிடுவதே வழக்கமாக இருந்தது. குட்மன் அவர்களை எழுப்பி உட்கார வைத்தார். கையில் வில்லையும் பந்தையும் கொடுத்தார். விளையாட்டையே மருந்தாக்கினார். 1948-இல் அவர் தொடங்கிய சக்கர நாற்காலிப் போட்டிகள் வளர்ந்து, 1960-இல் ரோம் நகரிலேயே ஒலிம்பிக்கை அடுத்து நடைபெற்றன. முதல் பாராலிம்பிக் என்று இன்று போற்றப்படுவது அதுதான். அபெபே வெறுங்காலோடு ஓடிச் சென்ற எட்டாம் நாளே, அதே நகரில், கால் இயங்காதவர்களின் போட்டி தொடங்கியிருக்கிறது. அந்த உலகத்திற்குள் தாமும் ஒருநாள் போவோம் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

மருத்துவமனையில் எட்டு மாதம் இருந்தார். கைகள் மெல்ல மெல்ல உயிர் பெற்றன. கால்கள் திரும்பவில்லை. அப்போது அவர் முன்னே இருந்த கேள்வி, ரோமில் இருந்த அதே கேள்விதான். இல்லாததை நினைத்து ஏங்குவதா? இருப்பதைக் கொண்டு ஓடுவதா? அன்று இல்லாதது காலணி. இன்று இல்லாதது கால். அபெபே வில்லை எடுத்தார். 1970-ஆம் ஆண்டு ஸ்டோக் மாண்டவில் போட்டிகளில் அம்பெய்தலிலும் மேசைப் பந்திலும் கலந்துகொண்டார். பின்னர் நார்வே நாட்டுக்கு விருந்தினராகச் சென்றவர், அங்கும் பார்வையாளராக உட்கார்ந்திருக்கவில்லை. பனி மீது நாய்கள் இழுக்கும் வண்டிப் பந்தயத்தில் இறங்கி, அதில் வெற்றியும் கண்டார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மனம் வைத்தால் எல்லாம் நடக்கும் என்று மேடைகளில் முழங்குகிறோம். அபெபேயைவிட மன வலிமை உள்ளவர் யார்? ஆயினும் அவர் மீண்டும் நடக்கவில்லை. மனத்திறன் போன காலைத் திருப்பித் தராது. மிஞ்சிய கையைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதைத்தான் அது காட்டும். அவ்வளவுதான் அதன் ஆற்றல். அந்த அளவே ஒரு மனிதனுக்குப் போதும் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

1972-ஆம் ஆண்டு மூனிச் ஒலிம்பிக்குக்குச் சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டார். சக்கர நாற்காலியில் அவர் வந்தபோது அரங்கமே எழுந்து நின்று வரவேற்றது. அந்தப் போட்டியில் மாமோ வோல்டே தம் 40-ஆம் வயதில் வெண்கலம் பெற்றார்.

1973-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள், மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவால் அபெபே அடிஸ் அபாபாவில் மறைந்தார். வயது 41. மனைவியும் நான்கு மக்களும் அவருக்கு இருந்தனர். பேரரசர் நேரில் வந்து கலந்துகொள்ள, பல்லாயிரம் மக்கள் சூழ, முழு அரசு மரியாதையோடு அவர் அடக்கம் செய்யப்பட்டார். நகரின் ஒரு விளையாட்டரங்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நாம் எடுத்து வர வேண்டியவை

அபெபேயின் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்து வந்தவை பெரிய தத்துவங்கள் அல்ல. நாளும் பயன்படும் சில பழக்கங்கள். தேர்வுக்கு முன் பாடத்தை முழுதாக நினைத்து மலைக்காமல், எந்த வினாவை எந்த நேரத்தில் எழுதுவது என்று முன்கூட்டியே வகுத்து வைத்தல். அதுவே என் கல்தூண். எழுதும்போது பார்வையை என் தாளில் நிறுத்துதல். கூடுதல் தாள் கேட்கும் குரல் எழுந்தால், மூச்சை ஒருமுறை இழுத்து விட்டு அடுத்த வரியைத் தொடங்குதல். தெரியாத வினாவில் முட்டி மோதாமல், விலகித் தெரிந்ததற்குப் போதல். இவற்றைத் திடலில் முன்பே செய்துகொண்டிருந்தேன். மூன்றாம் சுற்றில் மூச்சு வாங்கும்போது அந்த வேப்பமரம் வரை ஓடுவோம் என்று எண்ணி ஓடுவது எனக்குப் புதிதன்று. அதைத் தேர்வுக் கூடத்திற்கும் கொண்டு போகலாம் என்பதுதான் எனக்குத் தோன்றாமல் இருந்தது.

அரியர் கணிதத்தை மறுமுறை எழுதினேன். அன்றும் ஒருவர் எழுந்து கூடுதல் தாள் கேட்டார். அன்றும் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. தேறினேன். மதிப்பெண் பெருமைக்குரியதன்று, இங்கே எழுதும் அளவுக்கு இல்லை. என் தந்தையிடம் சொன்னபோது, இனி எத்தனை இருக்கிறது என்று கேட்டார். இன்னும் நான்கு பருவம் என்றேன். சரி, ஒவ்வொன்றாகப் போ என்றார். அவர் அபெபேயைப் பற்றிக் கேள்விப்பட்டவர் அல்லர். நாள்தோறும் சுமை தூக்கி வாழ்பவர். நீண்ட வழியைப் பிரித்துக்கொள்ளும் வித்தை அவருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது.

விளையாட்டுப் பிள்ளை என்று இனி யாரேனும் என்னைச் சொன்னால் நான் வருந்தப் போவதில்லை. காலணி இல்லாத நாளும் வரும். கால் ஓடாத நாளும் வரும். அந்நாளில் என்ன இல்லை என்று எண்ணிக்கொண்டிராமல், என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க நாம் அனைவரும் பழகிக்கொள்வோம். பழகுவதற்கு நம் கல்லூரித் திடல் நாள்தோறும் மாலை நான்கரை மணிக்குத் திறந்திருக்கிறது.